சரிகைச் சரித்திரம் – 9: கூறையிலிருந்து ரவிக்கைக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மரநிழல்களுக்கு நடுவே செல்லும் பெருவீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். அவ்வீதியில் நாள்தோறும் நடக்கிற மாணாக்கரில் அது போய்ச் சேரும் ஊரைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்று விசாரித்தால், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய விடையே கிடைக்குமென்பது என் அனுமானம். ஹிந்தகலையைத் தாண்டிய பின் வயல்கள் ஒதுங்கிக்கொள்ள, பாதை வளைந்து வளைந்து மலையேறத் தொடங்கி, பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெருமூச்சு விட்டு நின்று, கடைசியில் தேயிலைச் சரிவுகளுக்கு மத்தியில் ஒரு சிறு கடைத்தெருவில் நம்மை இறக்கிவிடுகிறது. அங்கிருந்து தெல்தோட்டைப் பக்கமாக இன்னும் சற்றே போனால், 1867ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இத்தீவின் தலைவிதியையே மாற்றிய லூல்கந்தூரத் தோட்டம் வந்துவிடும். கொழுந்தைத் தேடி வருகிறவர்களுக்கு அது ஒரு புண்ணிய க்ஷேத்திரம். நான் கொழுந்தைத் தேடிப் போகவில்லை. சரிகையைத் தேடிப் போனேன்.

சென்ற வாரம் சூரத் நகரத்துப் பட்டறைகளில் வெள்ளிக் கம்பி துளைத்தகடுகளின் வழியே இழுபட்டு இழுபட்டு மயிரிழையாவதையும், அது உருளைகளுக்கிடையில் நசுங்கித் தட்டையாகி, மஞ்சள் பட்டுநூலின்மேல் சுற்றப்பட்டுப் பொன்முலாம் பூசிக்கொள்வதையும் பார்த்தோம். அந்த இழை எங்கெங்கோ பிரயாணம் செய்து, பெண்மக்களின் மங்கல வஸ்திரங்களில் வந்து குடியேறுகிறபோது என்ன ஆகிறதென்பதை இந்த வாரம் பார்க்க வேண்டும். அதற்குக் காஞ்சிபுரத்தையோ லக்னோவையோ விட்டுவிட்டுக் கலஹாவைத் தேர்ந்தது ஏனென்று வாசகர்கள் கேட்கக்கூடும். முகூர்த்தங்கள் மலிந்த ஆவணி மாதத்தில் அங்குள்ள ஒரு தோட்டத்து வீட்டின் முன்னறையில் நான் இருந்த ஒரு பிற்பகலே அதற்குக் காரணம்.

அறையில் பாதி இடத்தை ஒரு மரச்சட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு நான்கு சட்டத்தை மட்டும் மிச்சம் வைத்தாற் போன்ற அதன்மேல் அரக்குச் சிவப்புப் பட்டுத்துணி ஒன்று மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. துணியில் இன்னும் வெட்டப்படாத ஒரு ரவிக்கையின் முதுகும் இரண்டு கைகளும் வெள்ளைக் கோடுகளாக மட்டும் தெரிந்தன. அக்கோடுகளுக்குள்ளே ஒரு மயில் பாதி பொன்னாகவும் பாதி வெறும் கோடாகவும் நின்றது. சட்டத்தின் எதிரில் தரையில் சம்மணமிட்டிருந்த அம்மாள், காலையில் கொழுந்தெடுத்து, மத்தியானம் நிறுவையில் கொட்டிவிட்டு வந்தவர். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகள். அந்த விரல்களுக்கிடையே கைப்பிடி போட்ட ஒரு மெல்லிய கொக்கி ஊசி.

அந்த ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆரி என்பது அதன் பெயர். அந்த வேலைக்கும் அதுவே பெயராகிவிட்டது. சாதாரண ஊசிக்குக் காது பின்பக்கத்தில் இருக்கிறது, நூல் ஊசியோடேயே போய் ஊசியோடேயே வருகிறது. ஆரிக்கோ காதே கிடையாது. நுனியில் ஒரு சின்னஞ்சிறு கொக்கி மட்டும். நூல் துணிக்கு அடியில் இடதுகைப் பிடியில் காத்திருக்க, வலதுகை மேலிருந்து ஊசியை இறக்கும். கொக்கி அடியிலுள்ள நூலைக் கவ்வி ஒரு கண்ணியாக மேலே இழுத்து வரும். அக்கண்ணிக்குள்ளேயே மறுபடி இறங்கி அடுத்த கண்ணியை இழுத்து வரும். இப்படிக் கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி ஓடுகிறது. “மேல இருக்கிற கை வேல செய்யிற மாதிரி தெரியும் ஐயா. நெசத்துல வேல செய்யிறது அடியில இருக்கிற கைதான், அது நூலைச் சரியா குடுக்கலைன்னா இது என்ன குத்தினாலும் ஒண்ணும் வராது” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமலே. கட்ச் தேசத்தில் தோல் தைத்த மோச்சிகளின் குத்தூசியிலிருந்து பிறந்ததே இந்த ஆரி. செருப்புத் தைத்த ஊசி அரசிளங்குமரிகளின் பாவாடையில் பூவேலை செய்யப் புகுந்து, பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் பரவி, பிரான்ஸிலே பெரும் மோகமாயிற்று. ஒரு கருவி ஜாதி ஆசாரம் பாராமல் ஊர் ஊராய்ப் போயிருக்கிறது. மனிதர்களுக்குத்தான் அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை.

மயிலின் தோகைக்கு ஆரிச் சங்கிலி போதவில்லை. அதற்காகச் சுருள் கம்பிகளைப் பொடித்துண்டுகளாக நறுக்கி, மணி கோப்பதுபோலச் சாதாரண ஊசியில் கோத்து, ஒவ்வொன்றையும் துணிமேல் படுக்கவைத்துத் தைக்க வேண்டும். ‘சர்தோசி’ என்று அந்தச் சுருளையே இங்கே அழைக்கிறார்கள். பொன்னைக் குறிக்கும் ‘ஸர்’, தைத்தலைக் குறிக்கும் ‘தோஸ்’ ஆகிய பாரசீகச் சொற்கள் கூடி, முகலாய தர்பாரில் ஒரு தொழிலுக்கே பெயராயிருந்த சொல், கலஹாவில் ஒரு பொட்டலத்தில் விற்கும் சாமானுக்குப் பெயராகியிருப்பதில் எனக்கு ஒரு வேடிக்கை. அந்தப் பொட்டலத்தில் பொன் இல்லை, வெள்ளியும் இல்லை. சட்டத்தின் பக்கத்தில் கிடந்த சரிகை நூற்கண்டிலும் இல்லை. நெகிழித் தாளின்மேல் அலுமினியம் படியவைத்து, மஞ்சள் மெருகு பூசி, நூலாகக் கீறியது அது. ஒரு கிராம் சுத்தப் பொன்னை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக இழுக்கலாமென்று சென்ற வாரம் சொல்லி வாசகர்களை வியக்கவைத்த நான், இந்த வாரம் ஒரு குன்றிமணிப் பொன்கூட இல்லாத ஒரு பொன்மயிலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கண்டிச் சீமையில் பெண்களின் மேற்சட்டைக்குப் பூத்தையல் போடுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1660ஆம் வருஷம் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுக்காலம் இம்மலைநாட்டில் வாழ்ந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681இல் அச்சான தமது நூலில், பெரிய வீட்டு ஸ்திரீகள் வெளியே புறப்படும்போது அணியும் கைவைத்த வெள்ளைச் சட்டையைப் பற்றியும், அதிலே நீலமும் சிவப்புமான நூலால் பூவும் கொடியுமாகத் தைத்திருப்பதைப் பற்றியும் குறிப்பிடுகிறார். நீலமும் சிவப்பும், பொன் அல்ல. எவரெவர் எதை உடுக்கலாமென்பதை அரசனும் குல வழக்கமும் வகுத்திருந்த நாட்டில், சரிகை பெரும்பாலும் அரண்மனையின் பக்கமே நின்றது. அந்த அரண்மனைக்கோ 1739க்குப் பிறகு மதுரைச் சீமையிலிருந்து வந்த நாயக்க வமிசத்தவரே வேந்தராயினர். ராணிகளும் அங்கிருந்தே வந்தனர். 1815 பிப்ரவரி 18ஆந் தேதி மெதமகாநுவரைப் பக்கத்தில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ராணிகளோடு பிடிபட்டு, மறு வருஷம் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்ததோடு அந்த உடைப் பெருமைகளின் சரித்திரமும் முடிந்தது.

அதன் பிறகு நூறாண்டுக்குள் அழிந்துகொண்டிருந்த மற்றக் கைவினைகளைக் கணக்கெடுத்தவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. மண்ணையும் கல்லையும் ஆராய வந்த அவர் கிராமம் கிராமமாகப் போய்க் கலைகளை ஆராய்ந்ததும், அவருடைய மனைவி ஏத்தல் வெற்றிலைப் பைகளிலும் கைக்குட்டைகளிலும் இருந்த தையல்களைச் சேகரித்ததும், பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸின் கையச்சு யந்திரத்திலேயே 1908இல் அந்த ஆராய்ச்சியில் விளைந்த பெருநூல் 425 பிரதிகள் மட்டும் அச்சாகி வெளிவந்ததும் கலையன்பர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அந்நூல் எழுதப்பட்ட அதே மலைகளில், அதே வருஷங்களில், பல்லாயிரம் தமிழ்ப் பெண்கள் கூடையைச் சுமந்து கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உடையை எவரும் சேகரிக்கவில்லை. சேகரிக்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை என்பதும் உண்மையே. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த பாட்டிமார்களில் பலருக்கு ரவிக்கையே கிடையாது.

அந்தப் பரம்பரையில் வந்த ஒரு கிழவியார் அன்று அறையின் மூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; தையற்கார அம்மாளுக்கு மாமியார். சரிகையைப் பற்றி எழுதுகிறவன் என்று என்னை அறிமுகம் செய்ததும், எழுந்து உள்ளே போய் ஒரு தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்த ஒரு கூறைச்சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வசம்பின் காரமான வாசனை எழுந்தது. கரை மாம்பழ மஞ்சள். முந்தானைச் சரிகை ஓரிடத்தில் இன்னும் ஜொலித்தது, மற்றோரிடத்தில் புகைபிடித்த சட்டிபோலக் கறுத்திருந்தது. இது குளிர்நாட்டின் சாபம். சரிகையில் பொன்னென்பது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைந்த மேற்பூச்சு. உள்ளிருப்பது வெள்ளியும் செம்புமே. அந்த மெல்லிய பூச்சு உரசலில் தேய்ந்த இடத்திலெல்லாம் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைப் பற்றிக் கறுக்கச் செய்கிறது. மாதக்கணக்கில் மூடுபனி கவிந்து, லயத்து அறைக்குள் விறகடுப்பும் புகைகிற இடத்தில் சொல்லவே வேண்டியதில்லை. பட்டைப் பருத்தித்துணியில் சுற்றி வைப்பதும், மூன்று மாதத்துக்கொரு தரம் எடுத்து மடிப்பை மாற்றி மடிப்பதும், வெயில் கண்ட நாளில் நிழலில் காற்றாட விரிப்பதும் அக்காலத்து மாமியார்கள் மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாஸ்திரங்கள். மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை அதே கோட்டில் ஒடிந்து பட்டையும் அறுத்துவிடும்.

“இது எம்புட்டு கல்யாணம் கண்ட சேலை தெரியுமா ஐயா?” என்று கேட்டுவிட்டுக் கிழவியார் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். தமக்கு ஒன்று; நாத்தனாருக்கு ஒன்று; அடுத்த லயத்துப் பெண்ணுக்கு ஒன்று; மேல்கணக்கில் இரண்டு... 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியப் பட்டு எளிதில் கிடைக்காமற்போக, இருந்த ஒரு கூறை மணவறைக்கு மணவறை நடந்திருக்கிறது. இரவல் சேலை கட்டிக்கொண்டு தாலி வாங்கிக்கொள்வதில் அவமானமென்று எவரும் நினைக்கவில்லையாம்; கூறை நல்ல இடத்துக் கூறையாக இருந்தால் அது ராசிதான் என்றார். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாத்தனார் குடும்பம் ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியபோது, இந்தச் சேலையை அவளோடு அனுப்புவதா இங்கேயே வைத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தார்களாம்.

“அப்போ ஜாக்கெட்டு?” என்றேன்.

“ஜாக்கெட்டு அவங்கவங்க தச்சுக்கிட்டது. சீத்தத் துணி. ஒருத்தி ஜாக்கெட்டு இன்னொருத்திக்குப் பத்துமா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் சேலையை மடிக்கத் தொடங்கிவிட்டார். நான் மடியில் இருந்த குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தைக்கப்படாத வஸ்திரம் எவர் உடலுக்கும் பொருந்தும். ஆறு கஜம் துணி பருத்தவளையும் மெலிந்தவளையும், நெட்டையையும் குட்டையையும் ஒன்றுபோலவே சுற்றிக்கொள்ளும். சரிகை சேலையில் இருந்தவரை அது ஒரு குடும்பத்தின் சொத்தாக, ஒரு லயத்தின் சொத்தாகக்கூட இருக்க முடிந்தது. அதற்கும் முடியாத கஷ்டம் வந்தால், கிழிந்த பட்டையும் விலைக்கு வாங்குகிற வியாபாரிகள் உண்டு. அவர்கள் பட்டை எரித்துச் சாம்பலாக்கி, எரியாமல் நிற்கும் உலோகத்தை உருக்கி வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். காஞ்சிபுரத்துத் தெருக்களில் பழைய சரிகைச்சேலை வாங்குவதாக எழுதிப்போட்ட பலகைகளை இன்றும் பார்க்கலாம். அப்படிச் சேலை கடைசிவரையில் ஒரு கைமுதலாகவே இருந்தது.

இன்றைக்குச் சரிகை சேலையை விட்டுவிட்டு ரவிக்கைக்கு இடம் மாறிவிட்டது. முகூர்த்தச் சேலையின் விலையை அதற்குமேல் போடுகிற ஆரி ஜாக்கெட்டின் கூலி மிஞ்சிவிடுகிறதென்பது கண்டிக் கடைவீதியில் சாதாரணப் பேச்சு. சிங்கள மணப்பெண்ணின் ஒசரியும் இதற்கு விலக்கல்ல. சங்குவெள்ளை நிறத்துத் துணியில் பொன்னிழையும் சமிக்கியும் கொட்டித் தைக்காத கண்டிய மணக்கோலத்தை இப்போது காண்பது அரிது. ஒரே உடலுக்கு அளவெடுத்து, ஒரே முகூர்த்தத்துக்காகத் தைத்து, இரவல் கொடுக்க வழியில்லாமல், எரித்தாலும் ஒரு துளி வெள்ளி மிஞ்சாத ஒரு பொன்வேலை! பழைய காலத்தாருடைய கணக்கில் இதைவிட வீண்செலவு இருக்க முடியாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் இத்தகைய வீண்செலவுக்கு உலகத்திலேயே பிரசித்தமான உதாரணம் ஒன்றை அணிந்தவர் இதே கண்டிக்கு வந்து போயிருக்கிறார்; அதை நினைத்தபோது என் அபிப்பிராயம் சற்று அசைந்தது. 1953 ஜூன் 2ஆந் தேதி முடிசூடிக்கொண்ட இரண்டாம் எலிசபெத் ராணிக்கு அன்று அணிவித்த ஊதாநிற வெல்வெட்டுப் போர்வையில், கோதுமைக் கதிரும் ஒலிவக் கிளையுமாகப் பொன்வேலை செய்தவர்கள் லண்டன் அரச தையற்பள்ளியைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள். பதினெட்டு வகைப் பொன்னிழைகள். மொத்தம் 3,500 மணி நேர உழைப்பு. அங்கேயும் உயர்ந்த பொன்னிழையைத் துணிக்குள் குத்தி இழுப்பதில்லை. மேலே படுக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத பட்டுநூலால் அங்கங்கே கட்டிப் பிடிப்பதே முறை. போர்வைக்குள்ளே அணிந்த வெண்பட்டு அங்கியைத் தயாரித்த நார்மன் ஹார்ட்னெல், ராணிக்கு உட்பட்ட தேசங்களின் மலர்களையெல்லாம் அதில் தைக்கச் செய்தபோது, இலங்கைக்காக ஒரு தாமரையையும் சேர்த்தார். 1954 ஏப்ரலில் ராணி இத்தீவுக்கு வந்து, கொழும்பிலே பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தபோது அதே அங்கியை அணிந்திருந்தார். சித்திரை வெயிலில் அதன் மணிகள் சூடேறி அவரைப் படாதபாடு படுத்தினவென்று சொல்வதுண்டு. பின்னர் கண்டியில் அவருக்காகப் பெரஹராவும் நடந்தது.

அந்தத் தாமரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1948இல் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராகி, அடுத்த வருஷமே வாக்குரிமையையும் இழந்திருந்தார்கள். ராணி வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன், 1954 ஜனவரியில், இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் அவர்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்கு விடிவு வரவில்லை. ராணியின் அங்கியில் இலங்கைக்கு ஒரு பூ இருந்தது. அந்த இலங்கையின் ஏட்டில் கலஹாத் தோட்டத்துப் பெண்களில் மிகப் பலருக்கு ஒரு வரியும் இல்லை.

நிற்க. அந்த ஊதாப் போர்வையும் ஓர் உடலுக்காக, ஒரு நாளுக்காகச் செய்ததே. அதன் மதிப்பு அதிலிருந்த பொன்னின் எடையிலா இருந்தது? பன்னிரண்டு பேருடைய 3,500 மணி நேரத்தில் இருந்தது. கூறைச்சேலைக்கும் இந்த மயில் ரவிக்கைக்கும் உள்ள பேதத்தையும் இந்தக் கணக்கிலே வைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குப் பட்டது. கிழவியாரின் கூறைக்குக் கொடுத்த பணம் கப்பல் தாண்டிப் போயிற்று. வெள்ளி வியாபாரிக்கும், சூரத் பட்டறைக்கும், காஞ்சிபுரத்து முதலாளிக்கும், எஞ்சியது நெசவாளிக்கும், இடையில் செட்டுக் கடைக்காரருக்குமாகப் பங்கிட்டுப் போயிற்று. கலஹாவில் தங்கியது சேலை மட்டுமே. இந்த ரவிக்கையிலோ சாமானின் விலை அற்பம். நூற்கண்டும் மணியும் சுருளும் சேர்ந்து எவ்வளவு ஆகுமென்று அம்மாள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. மீதியெல்லாம் கூலி. பொய்ச்சரிகையாயிருக்கலாம், அதைத் தைக்கக் கொடுக்கிற பணம் பொய்யில்லை, அது மலையை விட்டு இறங்கிப் போவதுமில்லை. கண்டியில் ஒரு கடைக்காரர் இடையில் நின்று கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறாரென்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மயிலுக்கு அவர் மணவீட்டாரிடம் வாங்கும் தொகையை அந்த அம்மாள் அறிவார். தமக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவென்பதையும் அறிவார். ஆயினும் கொழுந்து நிறுவையில் தமக்கு எவ்வளவு வரவு வைத்தார்களென்று கங்காணியின் முகத்தைப் பார்த்து நிற்பதைவிட, இந்தச் சட்டத்தின் முன்னால் தாமே விலை பேசுகிற ஒரு வேலை இருப்பது அவருக்குப் பெரிய காரியமாயிருந்தது. கற்றது எங்கே என்று கேட்டேன். கம்பளையில் மூன்று மாத வகுப்பு. மீதியெல்லாம் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டுப் பெண்கள் தைத்துக்காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்து.

நான் விடைபெற எழுந்த சமயத்தில் வேறொரு வேலை முடிந்திருந்தது. முன்தினம் பூர்த்தியான ஒரு பச்சை ரவிக்கையின் துண்டுகளை அம்மாள் சட்டத்திலிருந்து கழற்றி வைத்திருந்தார். அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். சங்கோசத்துடன் திருப்பிக் காட்டினார். மேலே அன்னமும் கொடியுமாக மின்னிய அதே துணி, கீழே முடிச்சும் வெட்டிய நூல்முனையும், ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாவும் குறுக்கிழைகளுமாய் ஒரே காடாயிருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் அடியில், அது எந்த நேரத்தில் அவசரமாய்த் தைக்கப்பட்டது, எந்த இடத்தில் நூல் அறுந்து மறுபடி தொடங்கியது என்பதெல்லாம் அங்கே எழுதியிருந்தது. நான் அதை விரலால் தடவினேன்; கம்பிமுனை ஒன்று குத்தியது.

“அதுக்குத்தான் ஐயா லைனிங்” என்று சொல்லி, மெல்லிய பச்சைப் பருத்தித்துணி ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தின்மேல் விரித்து, ஓரத்தில் ஊசி போட்டு ஓட்டத் தொடங்கினார். “இல்லாட்டி பொண்ணுக்கு மணவறையில உக்கார முடியாது. முதுகெல்லாம் அரிச்சு எடுத்துரும்.”

வெளியே மூடுபனி இறங்கிக் கடைத்தெருவை விழுங்கத் தொடங்கியிருந்தது. கண்டிக்குப் போகும் கடைசிக்கு முந்திய பஸ் ஒலியெழுப்பியது. மூலையில் கிழவியார் கூறைச்சேலையை, இம்முறை வேறு மடிப்பில், வேட்டித் துண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.